விருந்துக்கு வந்தவரும் விருந்து சமைத்தவரும்

வீட்டுக்காரர் பேசி முடித்துவிட்டார். நெடுநேரம் பேசினார், நெஞ்சுருகப் பேசினார். வெள்ளைப் பெண்ணும் கறுப்பு மாப்பிள்ளையும் மணந்து கொள்ளட்டும், ஊர் எதிர்த்தால் எதிர்க்கட்டும், உள்ளத்தில் உறுதி இருந்தால் போதும் என்று தீர்ப்பும் கூறிவிட்டார். கேட்டிருந்தோர் கண்களிலே ஈரம். அந்த ஈரம் காய்வதற்குள், அவர் பணிப்பெண்ணின் பக்கம் திரும்பி, சாப்பாடு எப்போதுதான் வரும் என்று சற்றே எரிச்சலோடு கேட்கிறார். அரங்கு சிரிக்கிறது. எல்லோரும் விருந்து மேசையை நோக்கி நடக்கிறார்கள். படம் முடிகிறது.

நாமும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது? ஒரு கறுப்பினப் பெண்ணிடம்! சமத்துவம் பேசிய அதே வாய், மறு நொடியில் அவரைச் சாப்பாடு கொண்டுவரச் சொல்கிறது. மேசையில் அமரப் போகிறவர்களிலே மூவர் கறுப்பர். பரிமாறப் போகிறவரும் கறுப்பர். மூவருக்குப் பந்தியிலே இடம். ஒருவருக்கு அடுக்களையிலே இடம். இந்த வேற்றுமைக்கு நிறம் காரணமல்ல. பின் எது காரணம்?

அந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

படத்தின் பெயர் 'கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்'. விருந்துக்கு வருவது யார், சொல்லுங்கள் பார்க்கலாம் என்பது பொருள். 1967 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. இயக்கியவர் ஸ்டான்லி கிராமர். கதையும் உரையாடலும் வில்லியம் ரோஸ். குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க நகைச்சுவைப் படம் என்ற கோலத்தில் வந்து, அந்நாட்டின் ஆறாத புண்ணைத் தொட்டுப் பார்த்த படம்.

கதை ஒரே நாளில் நடந்து முடிகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரிலே செல்வாக்குள்ள பத்திரிகை அதிபர் மாட் டிரேட்டன். அவர் துணைவியார் கிறிஸ்டினா, ஓவியக்கூடம் நடத்துகிறவர். இருவரும் முற்போக்காளர்கள். நிறவெறி தீது, மனிதர் அனைவரும் நிகர் என்று எழுதியும் பேசியும் மகளை வளர்த்தவர்கள். 23 வயது மகள் ஜோவானா ஹவாய்த் தீவுக்குச் சென்று, பத்தே நாளில் காதல் கொண்டு, காதலனைக் கையோடு அழைத்து வருகிறாள். ஜான் பிரென்டிஸ் என்ற அந்த மருத்துவர் கறுப்பர். இரவே அவர் ஜெனீவாவுக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் பெற்றோர் சம்மதம் சொல்ல வேண்டும். செய்தி கேட்டு, மாப்பிள்ளையின் தாயும் தந்தையும் லாஸ் ஏஞ்சல்சிலிருந்து வந்து சேருகிறார்கள். பத்திரிகையில் பத்தி பத்தியாகச் சமத்துவம் எழுதியவரின் வாசற்படியிலே சமத்துவம் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறது. அவர் திகைக்கிறார், திணறுகிறார். அந்தத் திணறல்தான் படத்தின் சிரிப்பு.

எழுத்தில் இருக்கும் கொள்கை வீட்டிற்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல சூழலை யாரும் அமைத்துவிட முடியாது. அந்தப் பாராட்டை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

இந்தப் படம் எந்த வரலாற்றின் மீது நின்று பேசியது என்பதை அறிந்தால்தான் அதன் துணிவும் தெரியும், அதன் குறையும் தெரியும். ஆகவே சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1664ஆம் ஆண்டு. மேரிலாந்துக் குடியேற்றத்திலே ஒரு சட்டம். கறுப்பு அடிமையை மணக்கும் வெள்ளைப் பெண், கணவன் உயிரோடிருக்கும் வரை அவனுடைய எசமானுக்கு ஊழியம் செய்ய வேண்டும்! 1691இல் வர்ஜீனியா, கலப்பு மணம் புரியும் வெள்ளையரை நாடு கடத்தச் சட்டம் செய்தது. பிறகு குடியேற்றங்கள் மாநிலங்களாயின, அடிமைமுறை ஒழிந்தது, அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் மணமேடைக்குக் குறுக்கே கட்டிய வேலி மட்டும் விழவில்லை. 1883இல் அலபாமாவிலிருந்து வந்த வழக்கொன்றில், உச்ச நீதிமன்றமே ஒரு விந்தையான விளக்கம் தந்தது. வெள்ளையர், கறுப்பர் இருவரையும் ஒரே அளவாகத் தண்டிக்கிறோம், ஆகவே இதில் பாகுபாடு இல்லை என்றது! பிரித்து வைப்பதே குற்றம் என்றால், பிரிந்திருக்க மறுத்த இருவருக்கும் சரிநிகராகச் சவுக்கடி தருகிறோம், இதுவே சமத்துவம் என்கிறது சட்டம். என்னே நீதியின் நுட்பம்!

சட்டம் அப்படி. கலை எப்படி? கலையும் சட்டத்தின் பின்னே கைகட்டி நின்றது. 1930இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கண்டிப்போடு செயல்படுத்தப்பட்ட திரைப்படத் தணிக்கை நெறி, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே உறவு காட்டலாகாது என்று வெளிப்படையாகவே விதித்தது. 1956இல்தான் அந்தத் தடை நீங்கியது. அதுவரை திரையிலே கறுப்பருக்குக் கிடைத்தவை அடுப்படி வேடம், அசட்டுச் சிரிப்பு வேடம், கதவு திறந்துவிடும் வேடம்.

பந்தி பற்றிய பேச்சல்லவா? ஒரு பந்தியை நினைவூட்டுகிறோம். 1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அம்பாசடர் ஓட்டலிலே அகாதமி விருது விழா. 'கான் வித் தி விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குச் சிறந்த துணை நடிகை விருது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே. கைதட்டல் வானைப் பிளந்தது. ஆனால், அந்த ஓட்டல் கறுப்பரை அனுமதிப்பதில்லை. சிறப்பு அனுமதி கேட்டுத்தான் அவரை உள்ளே அழைத்து வந்தார்கள். அழைத்து வந்து, தம்மோடு நடித்தவர்களின் மேசையிலே அமர்த்தவில்லை. தொலைவிலே சுவரோரமாகத் தனி மேசை போட்டு அமர்த்தினார்கள். பரிசு உண்டு, பந்தி இல்லை!

சுவரோரத்து மேசையிலிருந்து நடுக்கூடத்து மேசைக்கு வந்து சேர, 27 ஆண்டுகள் பிடித்தன. 1967இல் சிட்னி பாய்ட்டியர் டிரேட்டன் வீட்டு விருந்துக்கு வந்தார். தணிக்கை நெறி மாறி 11 ஆண்டுகளே ஆகியிருந்தன. வெள்ளையரும் கறுப்பரும் மணந்து கொள்வதை ஏற்கிறீர்களா என்று கேலப் நிறுவனம் 1958இல் அமெரிக்கரைக் கேட்டபோது, ஏற்கிறோம் என்றவர்கள் நூற்றுக்கு 4 பேர். படம் ஓடிக்கொண்டிருந்த 1968இல் கேட்டபோதும் நூற்றுக்கு 20 பேர்தான். அப்படிப்பட்ட நாட்டில், தென் மாநிலத்துக் கொட்டகைகளிலும் இந்தப் படம் ஓடியது; கூட்டம் வந்தது; பணம் குவிந்தது. கொள்கை விளக்கக் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்பவனைக்கூடக் குடும்பத்தோடு கொட்டகைக்கு வரவழைத்தது நகைச்சுவை. அது சிறிய செயலன்று.

ஆனால் கதவைத் திறந்தவர்கள், யாருக்காகத் திறந்தார்கள்?

மாப்பிள்ளையைப் பற்றி மாமனாராக வரவிருப்பவர் துப்பறியச் சொல்லுகிறார். அலுவலகச் செயலாளர் விவரம் சேகரித்துத் தருகிறார். பட்டியல் நீளுகிறது. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்திலே சிறப்புத் தேர்ச்சி, மருத்துவக் கல்லூரியிலே பேராசிரியப் பணி, உலக சுகாதார நிறுவனத்திலே உயர்பதவி, பாடநூல்கள், பட்டங்கள், பாராட்டுகள். முதல் மனைவியையும் குழந்தையையும் விபத்திலே பறிகொடுத்தவர் என்பதால் நம் இரக்கத்துக்கும் உரியவர். ஏழை நாடுகளில் நோய் தீர்க்கப் புறப்படுகிறவர் என்பதால் நம் வணக்கத்துக்கும் உரியவர். திருமணத்திற்கு முன் காதலியிடம் எல்லை மீறாத கண்ணியர். தொலைபேசியில் பேசினால் அதற்கான காசை மேசைமீது வைத்துவிட்டுப் போகும் கணக்குத் தவறாதவர். இவரிடம் குறை காண வேண்டுமானால் பூதக்கண்ணாடி வேண்டும்!

ஏன் இப்படிப் படைத்தார்கள்? இயக்குநர் கிராமர் அதற்குக் காரணம் கூறினார். மாப்பிள்ளையிடம் வேறு எந்தக் குறையும் இல்லை என்றால்தான், மறுப்பதற்கு நிறம் ஒன்றே காரணமாக மிஞ்சும். சாக்குப்போக்குச் சொல்ல வழியில்லாமல் போகும் என்றார். வாதம் வலிமையானதுதான். வழக்கு மன்றத்தில் எதிரியின் தப்பும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்கும் வழக்கறிஞரின் திறம் அதில் இருக்கிறது.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். மணமகள் ஜோவானாவின் தகுதிப் பட்டியல் எங்கே? அவள் என்ன படித்தாள், என்ன சாதித்தாள், எந்த நோயைத் தீர்த்தாள் என்று படத்திலே எவரேனும் கேட்டார்களா? கேட்கவில்லை. அவள் இனிய பெண், அவ்வளவுதான். வெள்ளைப் பெண்ணுக்கு இனிமை போதும். கறுப்பு ஆணுக்கு இமயமே போதவில்லை. தராசின் ஒரு தட்டில் வெறும் பிறப்பு. மறு தட்டில் பல்கலைக்கழகம், பதவி, பாடநூல், தியாகம் அத்தனையும் வைத்த பிறகுதான் முள் நடுவிலே நிற்கிறது! சமத்துவத்தைச் சொல்ல வந்த படம், தன்னை அறியாமலேயே ஏற்றத்தாழ்வின் எடைக்கல்லைக் காட்டிவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மருத்துவர் பெண்ணின் பெற்றோரைத் தனியே சந்தித்து, உங்கள் முழுச் சம்மதம் இல்லாவிட்டால் இந்தத் திருமணம் நடக்காது என்று வாக்குத் தருகிறார். அதை மணமகளிடம் கூடச் சொல்லவில்லை. முடிவு சொல்லும் உரிமை வெள்ளைத் தந்தையின் கையிலே ஒப்படைக்கப்பட்டது. அவர் உலாவுகிறார், சிந்திக்கிறார், கனிகிறார், உரையாற்றுகிறார். ஓய்வுபெற்ற தபால்காரரான கறுப்புத் தந்தையும் இந்த மணத்தை எதிர்க்கிறார். ஆனால் அவர் வாய்திறந்து சம்மதம் சொல்வதை நாம் கேட்கவில்லை. வெள்ளையர் இணங்கிவிட்டார், ஆகவே கதை முடிந்தது!

அந்தக் கறுப்புத் தந்தை மகனிடம் வாதாடும்போது ஓர் உண்மையைச் சொல்லுகிறார். பதினாறு, பதினேழு மாநிலங்களிலே உங்கள் திருமணம் சட்டப்படி குற்றம் என்கிறார். படம் எடுக்கப்பட்டபோது அது உண்மை. படம் கொட்டகைக்கு வந்தபோது அது பழங்கதை. இடையிலே நடந்தது என்ன? அந்த வரலாறுதான் இந்தப் படத்திற்கு நாம் காட்டும் கண்ணாடி.

வர்ஜீனியா மாநிலத்திலே கரோலின் என்ற வட்டாரம். அங்கே ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளை இளைஞர், தொழில் கொத்தனார். மில்ட்ரெட் என்ற பெண், கறுப்பரும் செவ்விந்தியரும் கலந்த மரபினர். இருவரும் ஒரே வட்டாரத்தில் வளர்ந்தவர்கள். 1958 ஜூனில் வாஷிங்டன் சென்று மணம் புரிந்து, ஊர் திரும்பினார்கள். மணமகளுக்கு வயது 18. ஜூலை மாதத்து நள்ளிரவுக்குப் பிறகு ஷெரீப்பும் துணையாட்களும் வீடு புகுந்து, உறங்கிக் கொண்டிருந்தவர்கள் முகத்தில் விளக்கடித்து எழுப்பினார்கள். சுவரிலே மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைத் தம்பதியர் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்ற விடை கிடைத்தது. கணவன் மனைவியாக ஓர் அறையில் உறங்கியது குற்றம்!

1959 ஜனவரியில் தண்டனை: ஓராண்டுச் சிறை. 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வராமல் இருந்தால் சிறை இல்லை. பிறந்த மண்ணை விட்டு அவர்கள் வாஷிங்டனுக்குச் சென்றார்கள். தீர்ப்பை மாற்றக் கோரி மீண்டும் மன்றம் சென்றபோது, நீதிபதி லியோன் பசீல் 1965இல் எழுதிய தீர்ப்பைக் கேளுங்கள். எல்லாம் வல்ல ஆண்டவன் இனங்களை வெவ்வேறாகப் படைத்து, வெவ்வேறு கண்டங்களிலே வைத்தான். தனித்தனியே வைத்ததிலிருந்தே அவை கலக்கக் கூடாது என்பது அவன் திருவுளம் என்று தெரிகிறது என்று எழுதினார்!

ஆண்டவன் கண்டங்களைப் பிரித்து வைத்தானாம். அப்படியானால் ஆப்பிரிக்காக் கண்டத்திலிருந்து மனிதர்களைச் சங்கிலியால் பிணைத்துக் கப்பலிலே ஏற்றி, அமெரிக்காக் கண்டத்திலே இறக்கியவர்கள் யார்? ஆண்டவன் திருவுளத்தை மீறியவர்கள் அடிமை வணிகர்களா, கரோலின் வட்டாரத்துக் கொத்தனாரா? கரும்பும் பருத்தியும் விளைவிக்கக் கலக்கலாம். காதலித்தால் மட்டும் கண்டம் குறுக்கே வருமோ? பகுத்தறிவின் ஒரு சிறு கேள்வி முன் அந்தத் தீர்ப்பு பொடிப்பொடியாகிறது. ஆயினும் அந்தப் பொடியைத்தான் கண்ணில் தூவி, மூன்று நூற்றாண்டுகள் மக்களைக் குருடாக்கி வைத்திருந்தார்கள். படத்தில் ஒரு பாதிரியார் வருகிறார். காதலர் பக்கம் நின்று, நண்பர் டிரேட்டனைக் கேலி செய்கிறார். கற்பனைக் கதையிலே பாதிரியார் மனிதராக நின்றார்; உண்மை வாழ்விலே நீதிபதி பாதிரியாராக மாறினார்!

மில்ட்ரெட் 1963இல் சட்டத்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடிக்கு ஒரு மடல் எழுதினார். அவர் குடியுரிமைக் கழகத்தாரிடம் அனுப்பினார். பெர்னார்ட் கோகன், பிலிப் ஹிர்ஷ்காப் என்ற இரு இளம் வழக்கறிஞர்கள் வழக்கை எடுத்தனர். உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ரிச்சர்ட் அதிகம் பேசாதவர், மன்றத்துக்கும் வரவில்லை. என் மனைவியை நான் நேசிக்கிறேன், அவளோடு வர்ஜீனியாவில் வாழ முடியாதது அநீதி, அதை நீதிபதிகளிடம் சொல்லுங்கள் என்று மட்டும் வழக்கறிஞரிடம் கூறியனுப்பினார். 1967 ஜூன் 12ஆம் நாள், தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் தலைமையில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எஞ்சியிருந்த 16 மாநிலங்களின் தடைச் சட்டங்களும் ஒரே நாளில் செத்தன.

அதற்கு இரண்டே நாட்களுக்கு முன், ஜூன் 10ஆம் நாள், மாட் டிரேட்டனாக நடித்த ஸ்பென்சர் டிரேசி மறைந்தார். தம் பகுதிகளை நடித்து முடித்து 17 நாட்களே ஆகியிருந்தன. படத்திலே அவர் தந்த சம்மதத்தை மக்கள் கேட்பதற்கு முன்பே, அந்தச் சம்மதம் தேவையில்லை என்று சட்டம் சொல்லிவிட்டது.

இப்போது இரண்டு வீடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கதையிலே வென்றவர் உலகப் புகழ் மருத்துவர். வாழ்விலே வென்றவர்கள் ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும். கதையிலே தகுதி விசாரிக்கப்பட்டது. மன்றத்திலே, ரிச்சர்ட் எத்தனை வகுப்புப் படித்தார், மில்ட்ரெட் எந்தப் பட்டம் பெற்றார் என்பது கேள்வியாகவே இல்லை. மணம் மனிதனின் அடிப்படை உரிமை என்றது தீர்ப்பு. உரிமை என்றால் அதற்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் பார்த்துத் தருவது பரிசு. கலை பரிசு தந்துகொண்டிருந்த வேளையில், வாழ்க்கை உரிமையை வென்று வந்துவிட்டது.

இனி, நாம் முதலில் கண்ட அடுக்களைக்குத் திரும்புவோம். அங்கே இருப்பவர் மட்டில்டா பிங்க்ஸ். வீட்டார் பெயரைச் சுருக்கித்தான் கூப்பிடுவார்கள். டிரேட்டன் தம் உரையிலே அவரைக் குடும்பத்தில் ஒருவர் என்றே சொல்லுகிறார். நடித்தவர் இசபெல் சான்ஃபர்ட், நகைச்சுவையில் வல்லவர். இந்தத் திருமணத்தை மிகக் கடுமையாக எதிர்ப்பவர் யார் தெரியுமா? அந்த மட்டில்டாவே! மருத்துவரின் அறைக்குள் நுழைந்து, உன் இடம் தெரியாமல் மேலே ஏறப் பார்க்கிறாயா என்று பொரிந்து தள்ளுகிறார். இன்னும் யார் வரப்போகிறார்கள், மார்ட்டின் லூதர் கிங்கா என்று முணுமுணுக்கிறார். கொட்டகை வெடித்துச் சிரித்தது. நிறவெறியை எதிர்க்கும் படத்தில் நிறவெறியின் சொற்களை யார் வாயில் வைத்தார்கள், பாருங்கள்! நீண்ட காலம் பிறர் வீட்டில் சமைத்த பெண்ணுக்கு அந்த அச்சம் ஏன் வந்தது, அந்த வீட்டில் அவர் எங்கே உண்டார், எங்கே உறங்கினார் என்று படம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும்.

வேறொரு காட்சி. டிரேட்டன் தம் துணைவியோடு பனிக்கூழ் உண்ணக் காரில் செல்கிறார். திரும்பும்போது ஒரு கறுப்பு இளைஞனின் காரை இடித்துவிடுகிறார். உழைத்துச் சேர்த்து அழகுபடுத்திய வண்டி. அவன் கத்துகிறான். இவர் பணத்தை எடுத்து நீட்டிவிட்டுப் போகிறார். அதுவும் சிரிப்புக்காக. தவறு செய்தவர் முதலாளி. கோபக்காரன் என்ற பெயர் இளைஞனுக்கு! ஆக, மருத்துவராக இருந்தால் மரியாதை. பணிப்பெண்ணாக இருந்தால் பரிகாசம். தெருவிலே நின்று நியாயம் கேட்டால் முரடன். ஒரே இனத்தார்க்கு மூன்று நீதி.

படத்தைக் குப்பையிலே போடலாமா என்றால், கூடாது என்போம். அன்றைய கறுப்பினத் திறனாய்வாளர்களுக்கே இந்தச் சினமும் இருந்தது, இந்தச் சிக்கலும் இருந்தது. வெள்ளை அமெரிக்கா பாய்ட்டியரை ஏன் இப்படி நேசிக்கிறது என்று கிளிஃபர்ட் மேசன் என்ற கறுப்பின எழுத்தாளர் 1967 செப்டம்பரிலேயே 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டில் கேட்டார். கிராமர் கல்லூரிகளுக்குச் சென்று படத்தைப் பற்றிப் பேசியபோது, மாணவர்கள் முகத்துக்கு நேரே குறை கூறினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை பாய்ட்டியர் மீது பாய்ச்சியவர்கள் அவர் கதையை மறந்தார்கள்.

அவர் யார்? 1927இல் பிறந்தவர். பகாமாஸ் தீவிலே தக்காளி பயிரிட்ட ஏழை உழவரின் மகன். பதினாறு வயதிலே நியூயார்க் வந்து ஓட்டல்களிலே தட்டுக் கழுவினார். நாடகக் குழுவிலே சேரப் போனபோது, சரளமாக வாசிக்கத் தெரியவில்லை, பேச்சும் தீவுப் பேச்சு என்று திருப்பி அனுப்பினார்கள். ஓட்டலிலே பரிமாறும் வயதான யூதர் ஒருவர், இரவு வேலை ஓய்ந்த பிறகு நாளேட்டை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுத் தந்தார். அந்தச் சிறுவன்தான் 1964இல் சிறந்த நடிகருக்கான அகாதமி விருதைப் பெற்ற முதல் கறுப்பர் ஆனார். 1967ஆம் ஆண்டில் மட்டும் அவர் நடித்த மூன்று படங்கள் நாட்டைக் கலக்கின. டிரேட்டன் வீட்டு மேசையிலே மேதையாக அமர்ந்தவர், ஒரு காலத்தில் அப்படிப்பட்ட மேசைகளின் எச்சில் தட்டுகளைக் கழுவியவர்!

இங்கேதான் நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. தட்டுக் கழுவிய அந்தச் சிறுவன், புகழ் பெறாமலே போயிருந்தால், அவனுக்குப் பந்தியில் இடம் உண்டா? ஓட்டலின் பின்புறத்திலே நின்றபோதே அவன் முழு மனிதன் அல்லனா? எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகுதான் மனிதனானானா? முதல் பாய்ட்டியரை ஏற்கும் சமூகம் முற்போக்குச் சமூகம்தான். ஆனால் பாய்ட்டியராக ஆக முடியாதவனையும் ஏற்கும் சமூகமே சமத்துவச் சமூகம்.

பின்னர் நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறோம். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அகாதமி விருது விழாவை இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 10ஆம் நாள் நடந்த விழாவில், டிரேட்டன் துணைவியாக நடித்த காதரின் ஹெப்பர்னுக்கும், கதை எழுதிய ரோசுக்கும் விருது கிடைத்தது. மறைந்த டிரேசியின் பெயரும், மாப்பிள்ளையின் தாயாக நடித்த பியா ரிச்சர்ட்சின் பெயரும் பரிந்துரையில் இருந்தன. விருந்தாளியாக வந்த பாய்ட்டியரின் பெயர் பரிந்துரையில் கூட இல்லை. மட்டில்டாவாக நடித்த சான்ஃபர்ட், 1975 முதல் 1985 வரை 'தி ஜெஃபர்சன்ஸ்' என்ற தொலைக்காட்சிக் குடும்ப நகைச்சுவைத் தொடரிலே செல்வர் வீட்டுத் தலைவியாக வந்தார். அவர் வீட்டு நண்பர்களாக ஒரு வெள்ளைக் கணவரும் கறுப்பு மனைவியும் வந்து போனார்கள். முன்பு யாருடைய மணத்தை எதிர்த்துப் பொரிந்தாரோ, அப்படிப்பட்டவர்களோடு ஒரே மேசையில்! அந்த வேடத்திற்கு 1981இல் எம்மி விருதும் பெற்றார்.

படத்திலே மருத்துவர் ஒரு வேடிக்கை சொல்லுகிறார். எங்களுக்குப் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகும் என்று ஜோவானா நம்புகிறாள் என்கிறார். 1967இல் அது நகைச்சுவை. 2008 நவம்பரில் அது செய்தி. ஹவாயிலே, 1961இல், கறுப்புத் தந்தைக்கும் வெள்ளைத் தாய்க்கும் பிறந்த பராக் ஒபாமா அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் மில்ட்ரெட் லவிங் கண்மூடினார். கேலப் நிறுவனம் 2021இல் கேட்டபோது, கலப்பு மணத்தை ஏற்பவர்கள் நூற்றுக்கு 94 பேர். நான்கு எங்கே, தொண்ணூற்று நான்கு எங்கே! ஆயினும், மக்கள் மனத்திலே மாறிய பின்னும் தாளிலே மாறாத மடமை உண்டு. அலபாமா தன் மாநில அரசியல் சட்டத்திலிருந்து அந்தச் செத்த தடையை அகற்றியது 2000ஆம் ஆண்டில்தான்!

தோழர்களே, ஆசிரியத் தொழில் செய்யும் நாம் ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறோம். வகுப்பிலே ஒரு மாணவன் இழிவுபடுத்தப்பட்டான். அவனுக்காகப் பரிந்து பேச எழுந்தோம். நம் வாயிலிருந்து வந்த முதல் சொல் என்ன தெரியுமா? "அவன் கணக்கிலே நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிற பையன்!" பேசி முடித்து அமர்ந்தபோது, கடைசி வரிசையிலே முப்பது வாங்கும் இன்னொரு பையன் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அதே தெருவிலிருந்து வருகிறவன். அவனை எவரேனும் இழிவுபடுத்தினால் நாம் எதைச் சொல்லி வாதாடுவோம் என்று அந்தக் கண்கள் கேட்டன. மனிதனுக்கு வாதாடுவதாக எண்ணி, மதிப்பெண்ணுக்கு வாதாடினோம். கிராமர் செய்த தவறு நமக்கும் கைவந்த தவறுதான்.

அன்று முதல் வாதத்தை மாற்றிக்கொண்டோம். அவன் நன்றாகப் படிக்கிறவன் என்று தொடங்குவதில்லை. அவனை அப்படிச் சொல்லக்கூடாது என்று மட்டும் சொல்லுகிறோம். காரணம் கேட்டால், கேட்பவர் முகத்தைப் பார்க்கிறோம்.

அந்தப் படத்தை நீங்களும் பாருங்கள். குடும்பத்தோடு பாருங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள், சிரிக்கத்தக்க படம்தான். விருந்துக்கு வருவது யார் என்று அது கேட்கும். விடை கிடைத்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள். எல்லோரும் அமர்ந்த பிறகு, அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு தட்டோடு வரப்போகிறவர் யார் என்று நீங்கள் கேளுங்கள். அவருக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போடுகிற நாளிலேதான் விருந்து தொடங்கும்.